மழை பெய்யாத நாளிலும் ஒழுகிய வீடு

"மக்களே, மழை நின்னு பத்து நாளாச்சு. வீடு இன்னும் ஒழுகுது. நீ வந்து ஒண்ணு பாரு."

2023 ஜனவரி முதல் வாரம் மாமி போனில் சொன்னது இது. மார்கழி பாதி தாண்டியிருந்தது. நான் கட்டட வேலையில் டிப்ளமோ முடித்துவிட்டு, தக்கலை வட்டாரத்தில் பழைய வீடுகளைப் பழுது பார்த்துக் கொடுப்பவன். ஊரார் வீட்டு ஒழுக்கையெல்லாம் அடைப்பான், அம்மா பிறந்த வீட்டை எட்டிப் பார்க்க மாட்டான் என்ற பேச்சு எனக்கு ஏற்கெனவே உண்டு. மறுநாளே கிளம்பினேன்.

அந்த வீட்டில் என்ன கோளாறு, எதை எதாகத் தப்பாக நினைத்தோம், எதைச் சரி செய்தோம், எதில் நானே சறுக்கினேன் என்பதை எழுதி வைக்கிறேன். குமரி மாவட்டத்தில் குளிர்காலத்துக்கு வீட்டைத் தயார் செய்வது தனிக் கணக்கு. மலையூர்களில் கதவிடுக்கை அடைப்பதும் கணப்பு மூட்டுவதும் வேலையாக இருக்கும். நம் சமவெளியில் மார்கழி விடியலில்கூட வெப்பம் பெரும்பாலும் 22, 23 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்த சுவர் காய்வதற்குள் பனி வந்துவிடும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையும் இங்கே உண்டு என்பதால், ஜூனில் நனையத் தொடங்கும் சுவருக்கு டிசம்பர் வரை முழு ஓய்வே இல்லை. ஈரச்சுவர் உள்ள அறையில் 23 டிகிரியே வயதானவர்களின் எலும்பைத் துளைக்கும். பாட்டிக்கு 84 வயது. ஒவ்வொரு மார்கழியிலும் இழுப்பு.

வீடு

திருவட்டாறு பக்கம், ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீடு. மூன்று வெவ்வேறு காலத்தில் கட்டிய பகுதிகள் சேர்ந்த ஒரே வீடு என்று சொல்லலாம். முன்பக்கம் 1960களில் தாத்தா கட்டியது: கருங்கல் அஸ்திவாரம், வெட்டுக்கல் (செம்புரைக்கல்) சுவர், சுண்ணாம்புச் சாந்து, மேலே கழுக்கோல் (சாய்வு மரச்சட்டம்) அடித்து ஓடு. பின்னால் 1998இல் மாமா சேர்த்த இரண்டு கான்கிரீட் அறைகள். அதற்கும் பின்னால், 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயலில் அயினி மரம் முறிந்து பழைய சமையல்கட்டின் மேல் விழுந்த பிறகு, இரும்புக் குழாய் நட்டுத் தகர ஷீட் போட்ட ஒரு சாய்ப்பு. விறகடுப்பு, அம்மி, துணி காயப்போடும் கொடி எல்லாம் அந்தச் சாய்ப்பில்தான்.

ஓடு, கான்கிரீட், தகரம் மூன்றும் மழையையும் பனியையும் மூன்று விதமாக எதிர்கொள்பவை. வீட்டில் இருந்தவர்களோ எல்லாவற்றையும் 'ஒழுக்கு' என்ற ஒரே சொல்லில் போட்டு, ஒரே மருந்தாக உள்சுவருக்கு வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். குவைத்தில் இருக்கும் மச்சான் அனுப்பிய 38,000 ரூபாய் அதில் போனது. நான் போனபோது பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நின்றது. விரலால் குத்தினால் உள்ளேயிருந்து தண்ணீர் வந்தது.

மாமியின் சாட்சியம்

மாமி சொன்னதில் ஒரு விஷயத்தை வீட்டில் எல்லோரும் கேலி செய்துகொண்டிருந்தார்கள். "சாய்ப்பு, மேகம் போட்டா ஒழுகாது. வானம் தெளிஞ்சு நட்சத்திரம் தெரிஞ்சாதான் ஒழுகும்." மாமா தலையில் அடித்துக்கொண்டார். "கேட்டியா? இவளுக்கு மட்டும் நட்சத்திரம் ஒழுகும்."

நானும் சிரித்தேன். சிரித்தது தப்பு.

அன்று இரவு அங்கேயே தங்கி, விடியற்காலை 5 மணிக்கு டார்ச்சோடு சாய்ப்புக்குப் போனேன். வானம் துடைத்து வைத்தது போலத் தெளிவு. தரையில் சொட்டுகள் நேர்கோட்டில் விழுந்திருந்தன, சுமார் ஓரடி இடைவெளி விட்டு. போல்ட் ஓட்டை வழியே இறங்கும் தண்ணீர் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழும். இப்படி வரிசை பிடித்து விழாது. நிமிர்ந்து பார்த்தால் அந்தக் கோட்டுக்கு நேர் மேலே ஷீட்டைத் தாங்கும் குறுக்குக் குழாய். ஷீட்டின் அடிப்பக்கம் முழுக்க வியர்த்திருந்தது. வியர்வை சரிவில் வழிந்து வந்து குழாயில் முட்டி, அங்கிருந்து சொட்டுகிறது.

கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே பிடித்துப் பார்த்த வெப்பமானி என் பையில் எப்போதும் கிடக்கும். பொருள்களின் சூட்டைப் பார்க்கும் வசதி உள்ள வகை. பளபளக்கும் தகரத்தில் நேராகப் பிடித்தால் தப்பாகக் காட்டும். அதனால் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, சிறிது நேரம் விட்டு, அதன் மேல் பார்த்தேன். ஷீட் 19 டிகிரி. சாய்ப்புக்குள் காற்று 23 டிகிரி, ஈரப்பதம் 92 சதவீதம். அந்தக் காற்று 21.5 டிகிரி சுமாருக்குக் குளிர்ந்தாலே அதிலிருக்கும் ஆவி தண்ணீராகிவிடும். 19 டிகிரித் தகரத்தைத் தொட்டால் கேட்கவே வேண்டாம்.

மாமி சொன்னது அப்படியே சரி. தெளிந்த இரவில் தகரம் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துபோகும். மேகம் இருந்தால் அது போர்வை போல நின்று அவ்வளவு குளிர விடாது. நட்சத்திரம் தெரியும் இரவுதான் ஒழுகும் இரவு.

இதில் வீட்டார் பங்கும் உண்டு. பனிக்காற்று அடிக்கிறது என்று சாய்ப்பின் மூன்று பக்கமும் தார்ப்பாயைத் தரைவரை இழுத்துக் கட்டியிருந்தார்கள். உள்ளே ஈர விறகு அடுக்கியிருந்தது, காயாத துணி தொங்கியது, விடியற்காலையிலேயே அண்டாவில் வெந்நீர் கொதித்தது. ஆவி போக வழி இல்லை. குளிருக்கு அடைத்ததே மழையைக் கூரைக்கு அடியில் கொண்டுவந்துவிட்டது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு போல்ட் தலைக்கும் பசை வைத்து அடைத்திருந்தார்கள். பாவம், அந்தப் போல்ட்டுகள் எதுவும் செய்யவில்லை.

பாட்டி ஒரு கேள்வி கேட்டார்: "ஓட்டு வீட்டுல எந்தக் காலத்துல இப்பிடிச் சொட்டிச்சு?" சொட்டாது. சுட்ட மண் ஓடு கொஞ்சம் ஈரத்தைத் தானே உறிஞ்சி வைத்துக்கொண்டு வெயிலில் விட்டுவிடும். ஓடுகளுக்கு இடையே உள்ள சந்துகள் வழியே ஆவியும் புகையும் போய்விடும். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள் மரவேலைப்பாட்டை அண்ணாந்து பார்ப்பார்கள். நான் பார்ப்பது செங்குத்தான ஓட்டுச் சரிவையும், சுவரைத் தாண்டி வெகுதூரம் நீளும் கூரை விளிம்பான இறவாணத்தையும், மூச்சு விடும் மரச்சட்டங்களையும். இந்த ஊர் மழைக்கும் ஈரத்துக்கும் விடை அங்கே எழுதியே வைத்திருக்கிறது.

சுவரின் தண்ணீர்

முன்னறையின் தெற்குச் சுவரில் மூன்றடி உயரத்துக்கு ஓதம், அதாவது சுவரில் ஊறிய ஈரம். வெள்ளை உப்பு பூத்து, அடிப்பக்கம் சாந்து உதிர்ந்தது. இது கூரையிலிருந்து வருவதா, தரையிலிருந்து ஏறுவதா, அறைக் காற்றிலிருந்து படிவதா என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது.

ஒன்றரை அடிச் சதுரத்தில் கனமான பிளாஸ்டிக் தாள் வெட்டி, நாலு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டினேன். ஒரு முழு நாள் விட வேண்டும். தாளின் வெளிப்பக்கம் நனைந்தால் ஈரம் அறைக் காற்றிலிருந்து வருகிறது. தாளுக்கும் சுவருக்கும் நடுவே நனைந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. செலவு பத்து ரூபாய் ஆகாது. 38,000 ரூபாய்க்கு முன்னால் இதை யாராவது செய்திருக்கலாம். மறுநாள் சுவர்ப்பக்கம்தான் முத்து முத்தாகத் தண்ணீர். சாய்ப்பை ஒட்டிய சுவரில் ஒட்டிய இன்னொரு தாளில் வெளிப்பக்கம் நனைந்திருந்தது. ஒரே வீட்டில் இரண்டு விடை.

சுவருக்குள் தண்ணீர் எப்படி வந்தது என்பதை, தரை மட்டம் பார்க்கும் தண்ணி லெவல் டியூப் காட்டிக்கொடுத்தது. பழைய முற்றம் வீட்டுத் தரையைவிட ஒன்றரை அடி தாழ்ந்திருந்ததாம். இன்டர்லாக் கல் பதிப்பதற்காக மண் நிரப்பியதில் அது அரையடியாகிவிட்டது. அதோடு சரிவும் தெருப்பக்கம் போகாமல் வீட்டுப் பக்கம் இரண்டு இஞ்ச் இறங்கியிருந்தது. ஓட்டுக்கூரையின் அந்தப் பக்கச் சரிவு 30 அடி நீளம், 14 அடி அகலம். சதுர மீட்டரில் 39. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஐப்பசியில் ஒரு நல்ல இடிமழை 50 மில்லிமீட்டர் கொட்டினால் அந்த ஒரு சரிவிலிருந்து மட்டும் 1,950 லிட்டர். கூரைத் தண்ணீரைப் பிடித்துக் கொண்டுபோகும் பாத்தி கிடையாது. அத்தனையும் கல் தரையில் விழுந்து, சுவரில் தெறித்து, மிச்சம் சுவரடியிலேயே தேங்கும். மண் முற்றமாக இருந்தவரை கொஞ்சமாவது உறிஞ்சியது.

வெட்டுக்கல் ஓட்டை நிறைந்த கல். திரி எண்ணெயை இழுப்பது போல அடியிலிருந்து தண்ணீரை இழுக்கும். பழைய சுண்ணாம்புப் பூச்சு இருந்த காலத்தில் இழுத்த தண்ணீர் பூச்சு வழியாகவே ஆவியாகிப் போய்விடும். அதன் மேல் சிமென்ட் பூசி, பெயிண்டால் மூடினால் தண்ணீர் வெளியேற இடம் தேடி மேலே மேலே ஏறும். முதலில் ஓரடிதான் இருந்தது, பெயிண்ட் அடித்த பிறகுதான் மூன்றடி ஆனது என்று மாமாவே சொன்னார், அதன் காரணம் தெரியாமலே.

அதே சுவரில்தான் சுவிட்ச் போர்டு. கார்த்திகை மாதம் தொட்டால் 'சுர்' என்னும் என்றார்கள், ஏதோ வீட்டு விசேஷம் போல. வேறு எந்த வேலைக்கும் முன்னால் அன்றைக்கே வயர்மேனைக் கூப்பிட்டு அந்தச் சுற்றைத் துண்டிக்கச் சொன்னேன்.

மூலையின் தண்ணீர்

உண்மையான மழை ஒழுக்கு ஒரே இடத்தில்தான்: ஓட்டுக்கூரை கான்கிரீட் அறையின் சுவரில் வந்து முட்டும் கோட்டில். அங்கே சிமென்டை அப்பி அடைத்திருந்தார்கள், வருடா வருடம் அப்புவார்களாம். மரக்கழுக்கோல் மழையில் உப்பும், வேனலில் சுருங்கும். கான்கிரீட் வெயிலில் நீண்டு இரவில் சுருங்கும். இரண்டுக்கும் நடுவே சிமென்ட் என்ன செய்யும்? விரிசல் விடும். கான்கிரீட் தளத்தில் தண்ணீர் போக ஒரே ஒரு இரண்டு இஞ்ச் குழாய், அதன் வாயில் பலா இலை. ரப்பர் இலை உதிர்வது மார்கழி, தையில். அதனால் புரட்டாசியில் ஒருமுறை, தை கடைசியில் ஒருமுறை என்று இரண்டு தடவை தளத்தைப் பெருக்க வேண்டும் என்று சொல்லி வைத்தேன்.

செய்த வேலை

கண்டுபிடித்தது ஜனவரியில். வேலை தொடங்கியதோ செப்டம்பர் கடைசியில். மச்சான் லீவில் வரட்டும் என்றார் மாமா. சொந்தக்காரன் சொன்னால் இப்படித்தான். கூலி வாங்குகிறவன் சொல்லியிருந்தால் பிப்ரவரியிலேயே ஆரம்பித்திருப்பார்கள்.

முதலில் வெளிவேலை. தெற்குச் சுவரை ஒட்டி மூன்றடி அகலத்துக்கு இன்டர்லாக்கைப் பெயர்த்து, மண்ணை இறக்கி, சுவரிலிருந்து வெளியே சரிவு கொடுத்து, ஒரு வாய்க்கால் வெட்டி ஜல்லி நிரப்பினோம். இறவாணத்தில் பி.வி.சி. பாத்தி, பத்தடிக்கு ஒரு இஞ்ச் சரிவு, நாலு இஞ்ச் குழாய் வழியே தண்ணீர் தென்னை மூட்டுக்கு. ஓடும் கான்கிரீட்டும் சேரும் இடத்தில் பழைய சிமென்டைக் கொத்தி எடுத்தோம். கான்கிரீட் சுவரில் ஒரு இஞ்ச் ஆழத்தில் காடி வெட்டி, அலுமினியத் தகட்டின் மேல் விளிம்பை அதில் செருகி, கீழ்ப்பக்கம் ஓட்டின் மேல் அரையடி படியும்படி விட்டோம். தகடு ஓட்டில் ஒட்டியிருக்காது. மரம் அசைந்தால் தகடு சும்மா மேலே வழுக்கும். தளத்தில் இன்னொரு நாலு இஞ்ச் குழாய் துளைத்தோம்.

காற்றுக்கும் ஏதாவது செய்ய வேண்டும். ஒக்கியில் ஓரத்து ஓடுகள்தான் முதலில் பறந்தன. கீழ்வரிசை மூன்றையும் முகட்டோட்டை ஒட்டிய வரிசையையும் கம்பி கொண்டு பட்டியலோடு (ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) கட்டினோம். வீட்டின் மேல் சாய்ந்து நின்ற பலாக்கிளையை வெட்டியதற்கு பாட்டி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

சாய்ப்புக்குத்தான் அதிகம் யோசித்தேன். ஷீட்டைக் கழற்றி, அடியில் வெள்ளித்தாள் ஒட்டிய 10 மில்லிமீட்டர் நுரைத்தாளை விரித்து, மறுபடி ஷீட்டை வாஷர் உள்ள திருகாணியால் இறுக்கினோம். இப்போது காற்று தொடுவது குளிர்ந்த தகரத்தை அல்ல, நுரைத்தாளை. அது அவ்வளவு குளிராது. ஆனால் நுரைத்தாள் தீப்பிடிக்கும். விறகடுப்புக்கு மேலும் சுற்றிலும் ஆறடிக்கு அதைப் போடவில்லை. அந்த இடத்தில் ஷீட்டையே எடுத்துவிட்டுப் பழைய ஓடு வேய்ந்தோம். புகையும் ஆவியும் போக அதுவே வழி ஆனது. ஈர விறகு கோழிக்கூட்டுப் பக்கம் போனது. தார்ப்பாயை மேலே இரண்டடி விட்டுக் கட்டச் சொன்னேன்.

சுவிட்ச் போர்டு உள்சுவருக்கு மாறியது. புதிதாக எர்த் குழி எடுத்து, மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் வைத்தாயிற்று. இடிமழை ஊரில் இதை ஆடம்பரம் என்று யாரும் சொல்ல முடியாது.

என் சறுக்கல்

அக்டோபர் இரண்டாம் வாரம், வெளிவேலை முடிந்த தெம்பில், உள்சுவரின் பெயிண்டையும் சிமென்ட் பூச்சையும் நாலடி உயரத்துக்குக் கொத்தி எடுத்துவிட்டு உடனே சுண்ணாம்புப் பூச்சு பூச வைத்தேன். கொத்தனார் வேண்டாம் என்றார். "ஈரச் சுவர் சார், மாசி வரட்டும்." தீபாவளிக்குள் முடித்துவிட வேண்டும் என்று மச்சான் நின்றதால் நான் கேட்கவில்லை. நனைந்த சுவர் காய்வதற்கு இஞ்ச் கனத்துக்கு ஒரு மாதம் என்று தோராயக் கணக்கு சொல்வார்கள். அந்தச் சுவரோ 15 இஞ்ச். ஐப்பசிக் காற்றில் சுண்ணாம்பு இறுகவே இல்லை. கார்த்திகையில் தட்டினால் 'டொப் டொப்' என்று பொள்ளல் சத்தம். பாதிக்கு மேல் கையோடு வந்தது. அதற்குப் போன 11,000 ரூபாயை என் கணக்கில் எழுதிக்கொண்டேன். சுவரை அப்படியே கல் தெரிய விட்டுவிட்டு, 2024 மாசிக் கடைசியில் அதே கொத்தனாரைக் கூப்பிட்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான்.

கல் தெரிந்த சுவரோடு அந்தக் குளிர்காலத்தைக் கழித்தது ஒருவகையில் நல்லதாயிற்று. சுவர் தடையில்லாமல் மூச்சு விட்டது. ஓதக் கோடு கீழே இறங்குவதைச் சுண்ணாம்புக்கட்டியால் மாதம் ஒருமுறை குறித்து வைத்தோம். நவம்பரில் மூன்றடி, பிப்ரவரியில் ஒன்றரை அடிக்கும் கீழே.

முடிவுகள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களைப் புரட்டிய மழை வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த மழை அது. எங்கள் பக்கம் அந்த அளவு இல்லை, ஆனாலும் தகட்டைச் சோதிக்க அது போதும். மூலையில் ஒரு சொட்டு இல்லை. பாத்தி ஒரு இடத்தில் நிரம்பி வழிந்தது. பிறகு அங்கே இன்னொரு இறக்கக் குழாய் வைத்தோம்.

என் தப்புக்குப் போன 11,000 நீங்கலாக மொத்தச் செலவு 1,10,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். அதில் சாய்ப்புக்கு 27,000, மாசிச் சுண்ணாம்புப் பூச்சுக்கு 24,000, முற்றத்துக்கு 22,000. மூலையின் ஒழுக்கை நிறுத்திய தகட்டுக்கு ஆனது 9,000தான்.

பாட்டியின் இழுப்பு முழுதாகப் போகவில்லை. இரவில் எழுந்து உட்காருவது குறைந்தது என்றார் மாமி. அது சுவராலா, மருந்தாலா, அவரைத் தெற்கறையிலிருந்து நடுவறைக்கு மாற்றியதாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

சாய்ப்பு அந்த மார்கழியில் சொட்டவில்லை. 2024 ஜனவரி பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு மட்டும் மறுபடி போன்: "மக்களே, ஒழுகுது." போய்ப் பார்த்தால் தார்ப்பாய் கூரைவரை இழுத்துக் கட்டியிருந்தது, கொடி முழுக்க ஈரத்துணி. பொங்கலுக்கு வந்த பேரப்பிள்ளைகளுக்குக் குளிருமாம். வியர்த்தது நுரைத்தாள் இல்லை, இரும்புக் குழாய்கள், நாலைந்து சொட்டுதான். குழாய்களுக்கும் நுரைத்தாள் சுற்றிவிட்டு, தார்ப்பாயின் மேல் இரண்டடியை நானே கத்தரித்துப் போட்டேன்.